மல்லிகைக்கு ஒரு குளிர் தொட்டி

காலையில் மொட்டு. மாலையில் மலர். மறுநாள் குப்பை!

இதுதான் மல்லிகையின் ஆயுள். நெல்லை இன்று விற்காவிட்டால் நாளை விற்கலாம். புளியை அடுத்த மாதம்கூட விற்கலாம். மல்லிகைக்கு அந்தத் தவணை கிடையாது.

மதுரை மல்லிக்கு 2013-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால், பெருமை மொட்டை வாடாமல் காக்குமா?

மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் பொழுது விடியும் முன்பே பூப்பறிப்பு தொடங்கிவிடுகிறது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் மொட்டுகளைக் கிள்ளுகிறார்கள். ஏன் இந்த அவசரம்? வெயில் ஏறினால் மொட்டு சூடாகிவிடும். சூடான மொட்டு சீக்கிரம் மலர்ந்துவிடும். மலர்ந்த பூவுக்குச் சந்தையில் மதிப்பு இல்லை.

பறித்த பூவுக்கும் உயிர் உண்டு. அது மூச்சு விடுகிறது! செடியில் இருந்தவரை வேர் தண்ணீர் கொடுத்தது. இலை உணவு கொடுத்தது. பறித்த பிறகு இரண்டும் இல்லை. கையிருப்பைச் செலவழித்துத்தான் பூ உயிர் வாழ்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால், அந்தச் செலவு ஏறக்குறைய 2 மடங்கு, சில சமயம் 3 மடங்கு ஆகிறது. பூவைச் சாக்கில் இறுக்கிக் கட்டினால், பூக்கள் விடும் மூச்சே உள்ளே சூட்டை உண்டாக்குகிறது. மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தால் தெரியும்.

வியாபாரிகளுக்கு இது தெரியாததல்ல. வெளிநாட்டுக்கு விமானத்தில் போகும் பூவுக்குப் பெட்டியும் ஐஸும் உண்டு. பஸ்ஸில் சந்தைக்கு வரும் பூவுக்கு ஈரச் சாக்குதான்!

கோடையில் பூ குவிகிறது, விலை சரிகிறது. மிஞ்சிய பூவை, சென்ட் தொழிற்சாலை கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பறிப்புக்கூலிக்குக்கூடக் கட்டாத நாள் உண்டு.

செங்கலும் மணலும்

இதற்கு வழி இல்லாமல் இல்லை. டெல்லியில் பூசா என்ற இடத்தில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தார் ஒரு குளிர் தொட்டியைக் கண்டுபிடித்தார்கள். மின்சாரம் வேண்டாம். செங்கல்லால் இரட்டைச் சுவர். நடுவே 3 அங்குல இடைவெளி. அதில் மணல். மணலைக் காலையும் மாலையும் நனைக்க வேண்டும். மேலே ஓலைப்பந்தல். அவ்வளவுதான்!

மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலவே இந்தத் தொட்டியும் குளிர்கிறது. வறண்ட கோடையில், வெளியே உள்ளதைவிட உள்ளே 10 டிகிரிக்கு மேலும் வெப்பம் குறையும். காய்கறி, கீரை, பூ எல்லாம் வாடாமல் கூடுதல் நேரம் நிற்கும். காற்றில் ஈரம் மிகுந்த மழைக்காலத்தில் இது அதிகம் பயன்படாது. மல்லிகை குவிவதோ கோடையில். அப்படியானால் நமக்கு ஏற்றதுதானே?

கொஞ்சம் எச்சரிக்கையும் வேண்டும். பூவின் மேலேயே தண்ணீரைக் கொட்டக்கூடாது. தண்ணீர் தேங்கினால் பூ அழுகும். பழுத்த வாழைப்பழத்தைப் பூவோடு வைக்கக்கூடாது. பழம் எத்திலின் என்ற வாயுவை விடுகிறது. அது பல பூக்களைச் சீக்கிரம் வாட வைக்கும். வீட்டில் பூச்சரத்தைப் பழத்தட்டின் அருகே வைக்கும் பெண்மணிகளும் இதைக் கவனிக்கலாம். வாழைப்பழத்துக்கும் அதிகக் குளிர் ஆகாது. 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும்.

தொலைவில் நகரத்திலே பெரிய குளிர்பதனக் கிடங்கு கட்டுவதைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை. பூ அங்கே போய்ச் சேருமுன்பே அதன் ஆயுளில் பாதி போய்விடுகிறது. பறித்த இடத்தில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் குளிர வைப்பதுதான் முக்கியம். அரை ஏக்கர் பூந்தோட்டக்காரர் தனியாகத் தொட்டி கட்டுவது கடினம். பூ எடை போடும் இடத்திலே ஊராட்சியோ கூட்டுறவுச் சங்கமோ பொதுவாகக் கட்டிக் கொடுக்கலாம். செங்கலும் மணலும் எந்த ஊரில் இல்லை? நனைப்பதற்கு ஒரு ஆளுக்குச் சம்பளம் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால், ஒரே மாதத்தில் தொட்டி காய்ந்து, ஆடு கட்டும் இடமாகிவிடும்!

மாசி முடிந்தால் பூ வரத்து பெருகும். தொட்டி தை மாதத்திலேயே தயாராக வேண்டும்.