வானத்துக்கும் உண்டு கோட்டை வாசல்

கோட்டை கட்டி, அகழி வெட்டி, வாசலை அடைத்துப் போர் புரிந்த காலம் மலையேறிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். செஞ்சிக் கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருபவர்களும் அப்படித்தான் எண்ணிச் செல்கிறார்கள். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்தது. உள்ளே மராட்டிய மன்னர் இராஜாராம்; வெளியே ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான். சண்டை அவர்களுக்குள். வழி அடைபட்டதோ வண்டியோட்டிக்கும் வணிகனுக்கும்!

அந்த முற்றுகை இன்று வானத்துக்கு ஏறியிருக்கிறது. வானம் எல்லோருக்கும் பொது என்பது கவிஞர் பேச்சு. 1944 ஆம் ஆண்டு சிகாகோ நகரில் உருவான உடன்படிக்கை, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் மண்ணுக்கு மேலுள்ள வானத்தின்மீது முழு உரிமை உண்டு என்று எழுதி வைத்தது. உரிமை உண்டென்றால் வாசலும் உண்டு. வாசல் உண்டென்றால் பூட்டும் உண்டு. இரண்டு நாடுகள் பகைத்துக்கொண்டால் முதலில் விழுவது அந்தப் பூட்டுத்தான்.

பூட்டாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைன் மேலே பறந்த மலேசிய விமானம் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. 298 உயிர்கள் மாண்டன. ஆகவே போர்க்களத்தின்மேல் வானை மூடுவது தவறென்று நாம் சொல்லவில்லை. மூடியதன் விலையை யார் கொடுப்பது என்பதே நம் கேள்வி.

மூடிய வானின் கணக்கு

2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தான் தன் வான்வழியை மூடியது. ஜூலை 16 அன்றுதான் திறந்தது. ஜூலை 2 வரையிலான கணக்கில் ஏர் இந்தியா அடைந்த இழப்பு மட்டும் 491 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. டெல்லியிலிருந்து இஸ்தான்புல் செல்லும் இண்டிகோ விமானம் வழியில் தோகாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரல் 24 அன்று அதே வாசல் இந்திய விமானங்களுக்கு மீண்டும் மூடப்பட்டது. இந்தியாவும் தன் வாசலைப் பதிலுக்கு அடைத்தது. அல்மாட்டி, தாஷ்கண்ட் நகரங்களுக்கான விமானங்களை இண்டிகோ நிறுத்தியது. சுற்றிப் போனால் அந்த விமானங்களுக்கு எட்டாத தூரம்!

சுற்றிப் போவது என்றால் இரண்டு மணி நேரம் தாமதம்தானே என்று கேட்கலாம். அவ்வளவு எளிதன்று. நீண்ட வழிக்கு அதிக எரிபொருள் வேண்டும். எரிபொருளின் பாரம் கூடினால் சரக்கையோ பயணிகளையோ குறைக்க வேண்டும். விமானிகளுக்கு வேலை நேர வரம்பு உண்டு; மிஞ்சினால் கூடுதல் ஆட்கள் தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாளில் போய்த் திரும்பிய விமானம் அதே நாளில் திரும்ப முடியாது. விமானத்தின் எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் இருக்கைகள் குறைந்துவிட்டன. இருக்கை குறைந்தால் கட்டணம் ஏறும்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். நாடு இரண்டுபட்டால் மூன்றாம் நாட்டு விமான நிறுவனத்துக்குக் கொண்டாட்டம். நேர்வழி அவர்களுக்குத் திறந்தே இருக்கிறதே!

பக்கத்து வீட்டுப் பாடம்

தமிழர்க்கு இப்பாடம் புதிதன்று. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு முன்பே, 1947 டிசம்பர் 10 அன்று, ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பு இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அந்நிறுவனத்தின் முதல் வான்பாதையே தமிழர் இரு கரைகளையும் தொட்டுச் சென்ற பாதை! 1970களின் இறுதியில் அவ்வழி நின்றது. 1983 இல் மூண்ட போர் அதை மீண்டும் திறக்க விடவில்லை. பலாலி விமான நிலையம் படைத்தளமாயிற்று. சுற்றிலும் இருந்த ஊர்மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பயணத்தை யாழ்ப்பாணத்து மக்கள் கொழும்பு வரை இறங்கி, சுற்றி வந்து முடிக்க வேண்டியிருந்தது.

2001 ஜூலை 24 அன்று விடியற்காலையில் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டது. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸின் மூன்று ஏர்பஸ் விமானங்கள் எரிந்து அழிந்தன. வேறு சில சேதமுற்றன. ஒரு நாட்டின் விமானக் கையிருப்பில் ஏறக்குறையப் பாதி ஒரே காலையில் போயிற்று. போர்க்கால இடருக்கான காப்பீட்டுக் கட்டணம் எகிறியது. சுற்றுலாப் பயணிகள் வருகை சரிந்தது. சுதந்திரத்துக்குப் பின் முதன்முறையாக அந்த ஆண்டு இலங்கையின் பொருளாதாரம் சுருங்கியது. அதற்கான பல காரணங்களுள் இதுவும் ஒன்று.

போர் 2009 மே மாதம் முடிந்தது. பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டதோ 2019 அக்டோபர் 17 அன்று. சென்னை விமானம் நவம்பரில் வரத் தொடங்கி, கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மறுபடியும் தொடர்ந்தது. துப்பாக்கி ஓய்ந்த பின்னும் வாசல் திறக்கப் பத்து ஆண்டுகள்! மூடுவதற்கு ஓர் இரவு போதும்; திறப்பதற்கு ஒரு தலைமுறை வேண்டும்.

சுமை யார் தலையில்?

பனமலையிலும் செஞ்சியைச் சுற்றிய ஊர்களிலும் இதைப் படிக்கும் நண்பர்கள், நமக்கும் விமானத்துக்கும் என்ன தொடர்பு என்று எண்ணலாம். கடன் வாங்கி, நகையை அடகு வைத்து வளைகுடாவுக்குப் புறப்படும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். அவனுடைய விசாவுக்கு ஒரு கடைசி நாள் உண்டு. 2025 ஜூன் 23 இரவு கத்தார் தன் வானைச் சில மணி நேரம் மூடியபோது இந்தியாவிலிருந்து சென்ற விமானங்கள் பாதி வழியில் திரும்பின. செல்வந்தனுக்கு அது ஓர் இரவுத் தூக்கம். தொழிலாளிக்கோ அது வேலையையே பறிக்கக்கூடிய இரவு.

1990 இல் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது, அம்மானிலிருந்து ஏறக்குறைய 500 முறை பறந்து, 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியரை ஏர் இந்தியா தாய்நாடு சேர்த்தது. அன்று அது அரசின் நிறுவனம். அரசு ஆணையிட்டது, விமானம் பறந்தது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடா குழுமத்திடம் சென்றது. விற்றது சரியா தவறா என்ற வாதம் இங்கே வேண்டாம். ஆனால் நெருக்கடி நாளில் இத்தனை இருக்கைகளை இந்தக் கட்டணத்தில் தரவேண்டும் என்று விமான நிறுவனங்களோடு அரசு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டாமா? வீடு பற்றியபின் கிணறு வெட்டலாமா?

வெளிநாடு செல்லும் தொழிலாளர்க்கென்று பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் காப்பீட்டுத் திட்டம் 2003 முதல் உள்ளது. இறப்புக்கும் ஊனத்துக்கும் அதில் 10 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. வான்வழி மூடியதால் பயணமும் வேலையும் இழந்தவனுக்கும் அதில் இடம் அளிக்க வேண்டும். வளைகுடா நாடுகளோடு செய்யும் தொழிலாளர் ஒப்பந்தங்களில், வானம் மூடிய நாட்களை விசாக் கணக்கில் சேர்க்கலாகாது என்று ஒரு வரி எழுத வேண்டும். இவை கைக்கெட்டாத கோரிக்கைகள் அல்ல.

விமான நிறுவனங்களின் இழப்பை நாடாளுமன்றம் கோடிகளில் எண்ணியது. தவறிப்போன வேலைகளை எண்ணியவர் யார்? அந்தக் கணக்கையும் எடுக்குமாறு கேட்பது படித்த இளைஞர்களின் கடமை. போரை நிறுத்தும் ஆற்றல் நமக்கு இல்லாமல் இருக்கலாம். அதன் சுமை எளியவன் தலையில் மட்டும் இறங்காமல் தடுக்கும் ஆற்றல் ஓர் அரசுக்கு உண்டு. அதைக் கேட்டுப் பெறும் ஆற்றல் நமக்கும் உண்டு.