வரப்பில் கிடக்கும் வானம்

உழும்போது கொழுவில் தட்டுப்படும் கல்லை அப்பா திட்டிக்கொண்டே வரப்பில் வீசுவார். ஆனால் எது நம் மண்ணின் கல், எது வேற்றுக்கல் என்று கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவார். விண்கல் தேடுவோருக்கு வேண்டியது இந்தக் கைதான்.

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் எலைசா கிம்பர்லி என்ற விவசாயப் பெண் 1880-களில் கனத்த கறுப்புக் கற்களைச் சேர்த்துக் குவித்தார். ஊர் சிரித்தது. அக்கம்பக்கத்தில் அதே மாதிரிக் கற்களை வைக்கோல் போர் பறக்காமலிருக்கப் பாரமாக வைத்தார்கள். 1890-ல் ஒரு பேராசிரியர் வந்து பார்த்து, விலை கொடுத்து வாங்கினார். அத்தனையும் விண்கற்கள்!

பின்னாளில் அதே மாநிலத்தின் உயிரியல் ஆசிரியர் ஹார்வி நினிங்கர், பள்ளிக்கூடங்களில் விண்கற்களைப் பற்றிப் பேசினார். விவசாயிகளிடம் மாதிரிக் கல்லைக் காட்டினார். கொண்டுவந்தால் காசு என்றார். கற்கள் வந்து சேர்ந்தன.

அளவுக்கு மீறிய கனம், கருகிய மேல்தோல், காந்தத்தின் இழுப்பு: பெரும்பாலான விண்கற்களைச் சந்தேகிக்க இந்த மூன்று அடையாளங்கள் போதும். நிலத்துக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். நியாயமான விலையும் கண்டெடுத்தவர் என்ற பெயரும் கொடுங்கள். தேட அனுமதி கேட்பதோடு நிறுத்திக்கொண்டால் அவர் வேலியோடு நின்றுவிடுவார். கூட்டாளியாக்கினால் ஒவ்வொரு உழவும் ஒரு தேடல்தான்.