சேர்ட்டிபிகேட்டை விடுங்க, பக்கத்தைக் காட்டுங்க

கலைப்பீடத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த நாட்டில் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிற ஒரே சாமான் அறிவுரை. கலியாண வீட்டில் கிடைக்கும், பஸ்ஸில் கிடைக்கும், கோயில் வீதியில் நிற்கிற மாமாவிடமும் கிடைக்கும். "ஆர்ட்ஸ் படிச்சு என்ன மனே செய்யப்போறாய்? ஒன்லைன்ல ஒரு ஐடி கோர்ஸ் செய்யன். மூணு மாசம்தான். வீட்டில இருந்தே டொலர்ல உழைக்கலாம்." மேடையில் ஏறுகிற அரசியல்வாதியும் இதையேதான் சொல்கிறார், கொஞ்சம் திருத்தமான தமிழில்.

நாங்கள் திருக்கோவில், தம்பிலுவில், விநாயகபுரம் பக்கத்துப் பிள்ளைகள். வரலாறு, தமிழ், புவியியல், சமூகவியல் என்று ஆளுக்கொரு பாடம். எங்களில் சிலர் ஒன்லைனில் ஃப்ரண்ட்-எண்ட் வெப் டெவலப்மென்ட் படிக்கிறோம். அதனால் படிக்காதீங்க என்று சொல்ல வரவில்லை. படிக்கத்தான் வேணும். ஆனால் அதை எங்களுக்கு விற்கிற விதத்தில் ஒரு பொய் இருக்கு, அந்தப் பொய்யோடுதான் எங்கட சண்டை.

முதலில் "மூணு மாசம்" என்ற கதை. ஃப்ரண்ட்-எண்ட் என்பது பாவிக்கிறவரின் கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தைக் கட்டுகிற வேலை. அதற்கு மூன்று மொழி. பக்கத்தில் என்னென்ன இருக்கு என்று சொல்வது எச்டிஎம்எல். அது எப்படித் தெரியணும் என்று சொல்வது சிஎஸ்எஸ். அமத்தினால் என்ன நடக்கணும் என்று சொல்வது ஜாவாஸ்கிரிப்ட். உலகத்தில் அதிகம் பேர் பாவிக்கிற இலவசத் தளங்களில் ஒன்றான ஃப்ரீகோட்கேம்ப், முதல் இரண்டுக்குமான தன் சான்றிதழுக்கே 300 மணித்தியாலம் என்று நீண்ட காலம் எழுதி வைத்திருந்தது. விரிவுரை, அசைன்மென்ட், பஸ் எல்லாம் போக ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் கிடைத்தால் 150 நாள். அதாவது ஐந்து மாசம். ஜாவாஸ்கிரிப்ட் அதற்குப் பிறகுதான். ரியாக்ட் அதற்கும் பிறகு. அப்போ அந்த மூணு மாசத்தில் முடிகிறது என்ன? வீடியோ முடியும். காசு கட்டின கோர்ஸ் என்றால் காசும் முடியும்.

அடுத்தது "இலவசம்" என்ற கதை. நல்ல இலவசப் பாடங்கள் இருக்கு, அதை மறுக்கேலாது. மொரட்டுவைப் பல்கலைக்கழகம் தன் திறந்த கற்றல் தளத்தில் ட்ரெயினி ஃபுல் ஸ்டாக் டெவலப்பர் என்ற தொடரை ஒரு ரூபா வாங்காமல் வைத்திருக்கு. வெப் டிசைன், பைதன், ஃப்ரண்ட்-எண்ட் என்று படிப்படியாகப் போகிற பாடங்கள். வைத்தவர்களுக்கு நன்றி. ஆனால் பாடம் இலவசமாக இருப்பதும் படிப்பு இலவசமாக இருப்பதும் ஒன்றில்லை. வீடியோ பார்க்க டேட்டா வேணும். கோட் எழுத லெப்டொப் வேணும். போனிலும் எழுதலாம் என்பவர்கள் ஒருநாள் ஐந்து அங்குலத் திரையில் இருநூறு வரி சிஎஸ்எஸ் எழுதிக் காட்டட்டும். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போனது. அந்த வருஷம் ரூபா விழுந்த விழுகையில் லெப்டொப் விலை எங்கே ஏறியது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். டேட்டா விலையும் அந்த வருஷம் கூடியது. மீன்பிடியிலும் வயலிலும் சீவிக்கிற ஒரு வீட்டில் இரண்டாவது பிள்ளைக்கும் லெப்டொப் வேணும் என்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? இதெல்லாம் இல்லாத பிள்ளையைப் பார்த்து "எல்லாம் ஃப்ரீயா கிடக்கு, உனக்குத்தான் மனசில்லை" என்று சொல்வது, கிணறு காட்டிவிட்டு வாளியை ஒளித்து வைக்கிற வேலை.

மூன்றாவது சேர்ட்டிபிகேட். பேஸ்புக்கைத் திறந்தால் நீல பார்டர் போட்ட சேர்ட்டிபிகேட், கீழே "வாழ்த்துக்கள்" நாற்பது. வாங்கினவரிடம் "கட்டின பக்கத்தின்ர லிங்க் தாங்க" என்று கேட்டுப் பாருங்க. பல பேரிடம் லிங்க் இல்லை. வீடியோவை ஓடவிட்டு, நான்கு விடையில் ஒன்றைத் தெரிந்து, பிழைத்தால் திரும்ப அமத்தி எடுத்த கடதாசி அது. இதற்கு பிள்ளைகளைக் குற்றம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. ஓ.எல்., ஏ.எல்., இசட் புள்ளி என்று பதின்மூன்று வருஷம் கடதாசியை மட்டும் மதிக்கப் பழக்கின நாடு, ஒன்லைனிலும் அதையே விளைவிக்கிறது. ஃப்ரீகோட்கேம்ப்பின் அந்தப் பழைய சான்றிதழுக்கு ஐந்து பக்கம் நீங்களே கட்டிக் காட்டணும். ஒருவரைப் பற்றிய நினைவுப் பக்கம், கேள்விப் படிவம், ஒரு பொருளுக்கான அறிமுகப் பக்கம், வழிகாட்டிப் பக்கம், உங்கட சொந்தப் பக்கம். கட்டாட்டி ஒன்றும் கிடையாது. அதுதான் நேர்மையான முறை. வேலைக்கு எடுக்கிறவரும் கடைசியில் அதைத்தான் கேட்பார்: என்ன கட்டினீங்க?

இந்தக் கோர்ஸ் கதை இவ்வளவு பலமாக ஏன் ஓடுது என்றும் யோசிக்கணும். 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வெயிலில் இருந்தார்கள். அவர்கள் கேட்டது அரசிடம். வேலை ஏன் இல்லை, பாடத்திட்டம் ஏன் மாறவில்லை, கிழக்கில் தொழில் ஏன் வளரவில்லை என்பதெல்லாம் பொதுக் கேள்விகள். "ஒன்லைனில் ஒரு கோர்ஸ் செய்" என்ற ஒரே வசனம் அந்தப் பொதுக் கேள்விகளைத் தனிப்பட்ட பிள்ளையின் சோம்பலாக மாற்றிவிடுகிறது. வேலை கிடைக்காட்டி இனி அது நாட்டின்ர பிழை இல்லை, நீ ஜாவாஸ்கிரிப்ட் படிக்காத பிழை. எவ்வளவு வசதி பாருங்க! எல்லாரும் படித்து முடித்தால் அத்தனை பேருக்கும் வேலை எங்கே என்று மட்டும் ஒருவரும் சொல்கிறதில்லை. தொடக்க நிலை வேலைக்கு ஆட்கள் கூடினால் சம்பளம்தான் இறங்கும், அதற்குப் பொருளியல் பட்டம் தேவையில்லை.

சரி, அப்போ ஏன் படிக்கணும்? எங்கட பதில் டொலர் இல்லை. இணையத்தில் தமிழ் படுகிற பாட்டைப் பார்த்தால் பதில் தானாக வரும். மூன்று உதாரணம் சொல்கிறோம்.

"அம்மா" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஆண்டு ஒன்று பிள்ளை மூன்று என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் ஐந்து என்று சொல்லும். அ, ம, புள்ளி, ம, கால் என்று அது குறியீடுகளை எண்ணுகிறது. சிரிக்கலாம். ஆனால் ஒரு விண்ணப்பப் படிவத்தில் பெயருக்குப் பதினைந்து எழுத்துதான் என்று ஒருவர் அளவு வைத்தால், "பரமேஸ்வரமூர்த்தி" என்ற பத்து எழுத்துப் பெயர் அதற்குப் பதினாறு. கடைசிக் குறி வெட்டுப்பட்டு அந்த மனிசன் "பரமேஸ்வரமூர்த்த" ஆகிவிடுவார். அடையாள அட்டையில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் ஒரு பெயர் என்றால் கந்தோரில் எத்தனை நாள் அலையணும் என்று எங்கட ஊராருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. எழுத்தை எழுத்தாக எண்ண ஜாவாஸ்கிரிப்டிலேயே இன்டில் செக்மென்டர் என்று ஒரு வழி இருக்கு. அதைத் தேடிப் போகிறவர் யார்? "அம்மா"வில் மூன்று எழுத்து என்று தெரிந்தவர்தான் தேடுவார்.

இரண்டாவது, பொத்தான். ஆங்கிலத்தில் "சப்மிட்" என்று ஆறு எழுத்துக்கு அளந்து வெட்டின பொத்தானுக்குள் "சமர்ப்பிக்கவும்" என்று போட்டால் சொல் பெட்டியை விட்டு வெளியே வழியும். உயரத்தை இறுக்கி வைத்தால் கொம்பும் சுழியும் வெட்டுப்படும். அகலத்தை இறுக்காமல் விடுவது, வரிக்கு வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுவது எல்லாம் சிஎஸ்எஸ்ஸில் இரண்டு மூன்று வரி வேலை. ஆனால் தமிழில் வாசித்துப் பார்க்கிற ஒருவர் அந்த மேசையில் இருக்கணும். பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லின் தலையிலேயே ஒரு இரண்டெழுத்துக் குறி போடணும். அதைப் போடாமல் ஆங்கிலம் என்று விட்டால், பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்கப் பார்த்துக் குழறும், இல்லாட்டி வாய் திறக்காது.

மூன்றாவது, பாமினி. இன்னும் எத்தனை கந்தோரில், எத்தனை அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடிக்கிறார்கள்? அதில் கண்ணுக்குத் தெரிவது தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். இணையத்தில் அப்படியே போட்டால் எழுத்துரு இல்லாத போனில் குப்பை தெரியும், கூகுளில் தேடினால் வராது. அதனால் எல்லாரும் செய்கிற வேலை, அறிவித்தலைப் படமாக எடுத்துப் போடுவது. கணக்குப் பாருங்க. யுனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். ஐந்நூறு குறி உள்ள அறிவித்தல் ஒன்றரைக் கிலோபைட்தான். அதையே போனால் படமெடுத்து இரண்டு மெகாபைட்டில் போட்டால் ஆயிரம் மடங்குக்கு மேல் டேட்டா. சிக்னல் ஒரு கோடு இருக்கிற இடத்தில் அந்தப் படம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இது சின்ன விசயமாகத் தெரியுதா? 2004 டிசம்பர் 26ஐ நினைச்சுப் பாருங்க. இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். இந்தக் கரையில் அந்தக் கணக்கு இல்லாத வீடு குறைவு. அப்படிப்பட்ட கரையில் ஒரு காலநிலை எச்சரிக்கை எங்கட மொழியில், மலிவான போனில், இரண்டு செக்கனில் திறக்கணும் என்பது ஆடம்பரக் கோரிக்கை இல்லை. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்று எழுதியது. ஆனால் இன்றைக்கும் "தமிழ்" என்ற பொத்தானை அமத்தினால் ஆங்கிலத் தலைப்பும் வெறும் பக்கமும் வருகிற அரச தளங்களைப் பார்க்கலாம். சட்டத்தில் இருக்கிற தமிழைத் திரைக்குக் கொண்டுவருவதும் ஃப்ரண்ட்-எண்ட் வேலைதான்.

இங்கேதான் "ஆர்ட்ஸ்காரருக்கு ஐடி எதுக்கு" என்பவர்களோடும் எங்களுக்குக் கணக்கு இருக்கு. கலை ஒரு பக்கம், விஞ்ஞானம் ஒரு பக்கம் என்ற வேலி ஏ.எல். படிவம் போட்டது. இதே கரையில், காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. பிறகு தமிழ்ப் பேராசிரியர். 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சியில் முன்னின்றவர். 1947இல் வந்த அவருடைய யாழ் நூல் பழந்தமிழ் இசையைக் கணக்குப் போட்டுப் பார்த்த ஆராய்ச்சி. அவருக்குச் சிலை வைத்து மாலை போடுகிற ஊர்களில், தமிழ் படிக்கிற பிள்ளை கோட் எழுதினால் அதிசயம் என்றால் அந்த மாலைக்கு என்ன அர்த்தம்?

"ஏஐ எல்லாம் எழுதுமே, இனி எதுக்குப் படிக்கிறது" என்றும் கேட்கிறார்கள். எழுதும். ஆனால் அது தந்த படிவத்தில் பரமேஸ்வரமூர்த்தி வெட்டுப்படுகிறாரா, பொத்தானில் கொம்பு தெரிகிறதா என்று பார்த்துப் பிழை சொல்ல, அந்த மூன்று மொழியும் தமிழும் தெரிந்த ஒரு ஆள் வேணும். எழுதத் தெரியாதவருக்கு வாசித்துத் திருத்தவும் தெரியாது.

ஆகவே எங்கட கோரிக்கைகள் நேரானவை. பல்கலைக்கழகங்கள் கலைப்பீட மாணவர்களுக்குக் கணினிக் கூடத்தைப் பின்னேரங்களிலும் சனி ஞாயிறுகளிலும் திறந்து வைக்கணும். பூட்டிக் கிடக்கிற கணினி பழுதாகிறதைத் தவிர ஒன்றும் செய்யாது. ஒரு மாணவர் கட்டின உருப்படியான இணையத்தளத்தைச் செயற்றிட்டமாக ஏற்றுப் புள்ளி போடணும். பிரதேச நூலகங்களில் இணைப்போடு நான்கு கணினி இருக்கணும். இவ்வளவையும் செய்துவிட்டுப் பிறகு எங்களைச் சோம்பேறி என்று சொல்லுங்க, கேட்கிறோம்.

எங்களுக்குள்ளும் ஒரு ஒழுங்கு வேணும். தனியத் தனிய அறைக்குள் வீடியோ பார்க்காமல் நான்கு ஐந்து பேராகச் சேருங்க. லெப்டொப் இரண்டு போதும், ஒருவர் எழுத மற்றவர் பிழை பிடிக்கலாம். டேட்டாவும் பங்கு போடலாம். முதல் பாடம் முடிந்த கையோடு ஊருக்குத் தேவையான ஒரு பக்கத்தைக் கட்டுங்க. பொத்துவிலில் இருந்து அக்கரைப்பற்று வரை பஸ் நேரங்கள். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத் திருக்கோவில் வருகிற சனத்துக்குத் தண்ணீரும் மருத்துவமும் எங்கே என்ற விபரம். பிரதேச செயலகத்தில் எந்த அலுவலுக்கு எந்தக் கடதாசி கொண்டு போகணும் என்ற பட்டியல். திருக்கோவிலுக்கும் அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் கோயில் வேறு, பள்ளி வேறு. பஸ் ஒன்று, மொழி ஒன்று. அந்தப் பக்கம் எல்லாருக்கும் திறக்கும்.

அடுத்த முறை மாமா "கோர்ஸ் செய்தியா மனே" என்று கேட்டால் கடதாசியைத் தேட வேண்டாம். அவருடைய போனை வாங்கி, நீங்கள் கட்டின பஸ் நேரப் பக்கத்தைத் திறந்து கையில் குடுங்க. அவருக்கு அது உதவினால் கோர்ஸ் முடிந்தது. உதவாட்டி எங்கே பிழை என்று அவரிடமே கேட்டுத் திருத்துங்க.