மலையிலிருந்து கடலுக்கு நடந்தே போகலாம்... நடுவில் 9,000 வீடுகள் வந்தால்?

மலையும் கடலும் சந்திக்கும் நடைபாதை என்றால் இத்தாலியின் அமால்ஃபி கரை நினைவுக்கு வரலாம்.

நம்ம ஊரிலும் ஒன்று இருக்கு! அளவில்தான் சின்னது.

எங்கே?

மவுண்ட் ஃபேபர், தெலுக் பிளாங்கா, கெண்ட் ரிட்ஜ் குன்றுகளை இணைக்கும் 10 கிலோமீட்டர் பாதை 'சதர்ன் ரிட்ஜஸ்'. சாலைக்கு 36 மீட்டர் மேலே செல்லும் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் அதன் ஓர் அங்கம்.

அங்கிருந்து கடலோரத்துக்குச் செல்ல 2012இல் 2.1 கிலோமீட்டர் நடைபாதை திறக்கப்பட்டது. அது பெர்லேயர் ஓடையின் சதுப்புநிலக் காட்டைக் கடந்து செல்கிறது.

என்ன மாறுகிறது?

ஓடைக்கு அருகிலிருந்த கெப்பல் கிளப் கோல்ஃப் திடலின் குத்தகை 2021 இறுதியில் முடிந்தது. அங்கே சுமார் 9,000 வீடுகள் கட்டும் திட்டம் 2019இலேயே அறிவிக்கப்பட்டது. முதல் பிடிஓ வீடுகள் 2025 அக்டோபரில் விற்பனைக்கு வந்தன.

பசுமை என்னாகும்?

திடலின் மரங்கள் வழியாகத்தான் பறவைகள் குன்றுக்கும் கடலோரத்துக்கும் போய்வந்தன. அதனால் 48 ஹெக்டர் நிலத்தில் சுமார் 10 ஹெக்டர் பூங்காக்களுக்கும் திறந்தவெளிகளுக்கும் ஒதுக்கப்படுகிறது. நான்கு பசுமை வழித்தடங்களும் அமையும்.

அது போதுமா?

நகருக்கு அருகே வீடு கேட்பதும் நாம்தான். வாரயிறுதியில் காட்டில் நடக்க ஆசைப்படுவதும் நாம்தான்.

வழித்தடங்கள் எத்தனை என்பது மட்டும் கேள்வியல்ல. அவற்றில் மரங்கள் அடர்த்தியாக வளருமா, இரவில் வெளிச்சமும் இரைச்சலும் குறைவாக இருக்குமா என்பதும் முக்கியம்.

நமக்கு நடக்கப் பாதை போதும். பறவைக்கு மரநிழல் விட்டுப்போகாமல் தொடரணும்.