படுவான்கரையிலிருந்து பாருங்கள்

மட்டக்களப்பில் அவசர சிகிச்சைப் பிரிவு ஒன்றுக்கு வரைபடம் போடுகிறவர் முதலில் வாவியைப் பார்க்க வேண்டும். சுமார் 56 கிலோமீற்றர் நீளும் இந்த வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. போதனா வைத்தியசாலை நகரத்தில் இருக்கிறது. வயலும் காடும் யானையும் படுவான்கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் பலர் நோயாளியைப் பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏற்றித்தான் வாவியைக் கடந்தார்கள். பாலம் வந்தது பெரிய ஆறுதல். ஆனாலும் வெல்லாவெளிக்கு அப்பால் வயற்காவலில் இருப்பவரைப் புடையன் பாம்பு தீண்டினால், நகரம் இன்னும் தூரம்தான்.

ஆகவே புதிய கட்டடத்துக்கான முதற்கேள்வி எத்தனை கட்டில் என்பதாக இருக்கக் கூடாது. யார், எங்கிருந்து, என்ன நிலையில் வருகிறார் என்பதே முதற்கேள்வி.

பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும்; இரத்த அழுத்தம் சடாரென விழும். தாதியின் கண்ணுக்கு நேரே, அட்ரினலின் கைக்கெட்டும் இடத்தில் அந்தக் கட்டில் இருக்க வேண்டும். கிருமிநாசினி குடித்தவரின் உடுப்பிலும் தோலிலும் நஞ்சு இருக்கும். அவரை உள்ளே கொண்டுபோகுமுன் கழுவ, வாசலருகே மறைப்பும் தண்ணீரும் தனி வடிகாலும் தேவை. அந்தத் தண்ணீர் வாவிக்குப் போகக் கூடாது. நீரில் மூழ்கியவருக்கு முதல் மருந்து ஒட்சிசன். வாசலிலிருந்து உயிர்காப்பு அறைக்குத் திருப்பமில்லாத நேர்வழி இருந்தால்தான் அது உடனே கிடைக்கும். எக்ஸ்ரேயும் சீ.ரி. ஸ்கானும் அதே தளத்தில், பக்கத்திலேயே அமைய வேண்டும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. பிள்ளைகளும் பெரியவர்களுமாகக் காயப்பட்டவர்கள் ஒரே நேரத்தில் போதனா வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தார்கள். அப்படி ஒரு நாள் இனி வரவே கூடாது. வந்தால் தாங்கும்படி கட்டுவது நம் கடமை. ஆபத்தின் அளவைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்க வாசலில் அகன்ற இடம் வேண்டும். நடைக்கூடச் சுவர்களிலும் ஒட்சிசன் குழாய் வேண்டும். உறவினருக்குத் தனியறை கட்டாயம். நம் ஊரில் ஒருவர் விழுந்தால் குடும்பமே ஓடிவரும். அவர்களை வெயிலில் நிற்கவைத்துக் கேற்றைப் பூட்டுவது மருத்துவம் ஆகாது. மரணச் செய்தியை ஒரு தாய் நடைபாதையில் நின்று கேட்கக் கூடாது.

1978இன் சூறாவளி கூரைகளைப் பிடுங்கிய ஊர் இது. 2004இல் கடல் ஏறியது. 2011 ஜனவரியில் வெள்ளம் வீதிகளை மூடியது. நிலமட்டத்தை உயர்த்துவதும் ஜெனரேற்றரை மேலே வைப்பதும் இங்கே ஆடம்பரமல்ல.

கட்டடம் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பின், காலி கராப்பிட்டிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவை வளர்க்க ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் உதவியது. அத்தகைய உதவி நமக்கும் கிடைக்கலாம். ஆனால் மகிழடித்தீவு போன்ற படுவான்கரை வைத்தியசாலைகளில் இரவிலும் வைத்தியரும் விஷமுறிவு மருந்தும் இருந்தால்தான் நோயாளி நகரம்வரை உயிரோடு வருவார். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் புறப்படும்போதே நகர வைத்தியசாலைக்குத் தகவல் போய், கட்டில் தயாராக வேண்டும்.

சுகாதார அமைச்சுக்கும் திட்டமிடும் பொறியியலாளருக்கும் ஒரு வேண்டுகோள். வரைபடத்தில் கையெழுத்திடுமுன் அதை வைத்தியர், தாதியர், சிற்றூழியர், அம்புலன்ஸ் சாரதி ஆகியோர் முன் விரித்து வையுங்கள். படுவான்கரை விவசாயி ஒருவரையும் அழையுங்கள். அவர்கள் சொல்லும் திருத்தத்துக்குத் தாளில் ஒரு கோடு போதும். சுவர் எழுந்த பிறகு அது கோடிக்கணக்கில் செலவாகும்.