கெளுத்தி மீன் துப்புரவுப் பணியாளர் அல்ல

"தொட்டி அழுக்கா இருக்கா? ஒரு கெளுத்தி வாங்கி விடுங்க, எல்லாத்தையும் தின்னுடும்." அலங்கார மீன் கடைகளில் இந்த ஆலோசனையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். நானும் கேட்டேன், நம்பினேன். எங்கள் பள்ளி அறிவியல் கூடத்துத் தொட்டியில் கப்பி மீன்களோடு ஒரே ஒரு கோரிடோராஸ் கெளுத்தியை விட்டேன். மிச்சம் மீதியை அது தின்றுகொள்ளும் என்று மாணவர்களிடமும் சொன்னேன். சில வாரங்களில் அதன் வயிறு ஒட்டிப்போனது. மீசை தேய்ந்து கட்டையானது. ஒரு மூலையிலேயே கிடந்து இறந்துபோனது.

"அதுக்கு யாரு டீச்சர் சாப்பாடு போட்டா?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

இந்தச் சிறு மீனைத் 'துப்புரவு மீன்' என்று சொல்லி விற்பதும் வாங்குவதும் தவறு என்பதே என் கருத்து. அறிவியலும் அதைத்தான் சொல்கிறது. பொருள் மாயமாக மறைவதில்லை. மீன் தின்ற உணவின் ஒரு பகுதி கழிவாக நீருக்கே திரும்புகிறது; செவுள்களின் வழியே அம்மோனியாவும் வெளியேறுகிறது. ஆக, புதிதாக விடும் ஒவ்வொரு மீனும் தொட்டியின் கழிவைக் கூட்டவே செய்யும்.

உண்மையான துப்புரவாளர்கள் கண்ணுக்குத் தெரியாதவர்கள். வடிகட்டியின் பஞ்சில் வாழும் பாக்டீரியாக்கள் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டில் கொஞ்சத்தைச் செடிகள் எடுத்துக்கொள்ளும். மீதத்தை வெளியேற்ற, வாரந்தோறும் கால்பங்கு நீரை நாம்தான் மாற்ற வேண்டும். ஊற்றும் குழாய்நீரில் குளோரின் நீக்கியைக் கலக்க மறக்காதீர்கள். பஞ்சைக் குழாயடியில் கழுவினால் குளோரின் அந்தப் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரில் அலசுங்கள்.

'கெளுத்தி மிச்ச உணவைத் தின்பது உண்மைதானே?' என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், அது வயிறு நிறையும் அளவுக்குத் தினமும் மிச்சம் விழுகிறது என்றால், மற்ற மீன்களுக்கு நாம் அளவுக்கு மீறிப் போடுகிறோம் என்றே பொருள்.

கோரிடோராஸ் தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்தது. அங்கே கூட்டமாக வாழும். மென்மையான மணலைக் கிளறி, மீசையால் தடவிச் சிறு புழு பூச்சிகளைத் தேடித் தின்னும். உடலில் செதிலுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் உண்டு. சில வேளைகளில் விருட்டென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கும். அதிலுள்ள உயிர்வளியைக் குடலின் பின்பகுதி உறிஞ்சிக்கொள்ளும். இப்படிப்பட்ட உயிரைக் கூர்மையான சரளைக் கற்களின்மேல் தனியாக விட்டது என் பிழை.

வளர்க்க விரும்பினால், 60 சென்டிமீட்டர் நீளத் தொட்டியில் குறைந்தது 6 மீன்களாக விடுங்கள். அடியில் மெல்லிய மணல் போடுங்கள். விளக்கை அணைத்த பிறகு, அடியில் மூழ்கும் உணவைக் கொடுங்கள். நியான் டெட்ரா, ரஸ்போரா, கப்பி போன்ற சாதுவான சிறு மீன்களே இதற்கு ஏற்ற துணை. பெரிய மீன் இதை விழுங்க முயன்றால், துடுப்பு முட்கள் விறைத்துத் தொண்டையில் சிக்கும், இரண்டுக்குமே ஆபத்து. வகையையும் பார்த்து வாங்குங்கள். பாண்டா வகை சற்றுக் குளிர்ந்த நீரை விரும்பும். வெண்கல நிற வகையும் ஸ்டெர்பாய் வகையும் நம் நாட்டு வெப்பத்தை ஓரளவு தாங்கும்.

தொட்டியைச் சுத்தம் செய்ய நாம் வாங்கும் இன்னொரு மீன், பாசி தின்னும் 'இக்கான் பண்டாராயா'. பெயரே மாநகர மீன்! குட்டியாக வாங்கும் அது 30 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். தொட்டி போதாமல் போனதும் பலர் அதைக் கால்வாயில் விட்டார்கள். இன்று கிள்ளான், லங்காட் ஆறுகளில் அது பெருகி, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடிக்கிறது.

ஓர் உயிருக்கு வேலைக்காரன் என்று பெயர் வைத்துவிட்டால், அதற்கு என்ன தேவை என்று கேட்கவே மறந்துவிடுகிறோம். அடுத்த முறை மீன் கடைக்குப் போகும்போது, 'இது எதைச் சுத்தம் செய்யும்?' என்று கேட்காதீர்கள். 'இது எதைச் சாப்பிடும், எத்தனை பேரோடு வாழும், எவ்வளவு வளரும்?' என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்பி வாருங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.