பரு உள்ள முகத்துக்குக் கிரீம் தடவலாமா?

வயசுப் பெண்ணுக்கு முகத்தில் நாலு பரு முளைத்துவிட்டால் போதும், வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல ஆரம்பித்து விடுவார்கள். "கடலை மாவு போட்டுத் தேயேண்டி", "எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தடவு", "நாலு வேளை சோப்புப் போட்டு அலம்பு" என்று. எல்லோருடைய எண்ணமும் ஒன்றுதான்: எண்ணெய் வழிவதால் பரு வருகிறது, ஆகவே முகத்தைக் காய வைக்க வேண்டும். இந்த நிலைமையில் "மாய்ஸ்சரைசர் தடவிக்கட்டுமாம்மா?" என்று ஒரு பெண் கேட்டால், "இருக்கிற எண்ணெய் போதாதா?" என்று வாயை அடைத்து விடுகிறோம்.

தடவலாம், சகோதரிகளே. தடவத்தான் வேண்டும். ஏன் என்று பார்ப்போமா?

எண்ணெய் வேறு, ஈரம் வேறு

பருவ வயதில் ஹார்மோன்கள் தூண்டுவதால் முகத்திலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாகச் சுரக்கின்றன. அந்த எண்ணெயும் உதிர்ந்த தோல் துகள்களும் சேர்ந்து மயிர்க்காலை அடைத்துக் கொள்கின்றன. அங்கே கிருமி பெருகி, வீங்கிச் சிவந்தால் அதுதான் பரு.

தோலில் தண்ணீர் தங்குவது இன்னொரு விஷயம். தோலின் மேல்பகுதி செங்கல் சுவர் போன்றது. செங்கற்களுக்கு நடுவே சாந்து இருப்பது போல, அணுக்களுக்கு நடுவே ஒரு வகைக் கொழுப்பு இருந்து ஈரத்தைக் காக்கிறது. அந்தச் சாந்து கரைந்தால் உள்ளே உள்ள ஈரம் ஆவியாகி விடும். அதனால்தான் மூக்கும் நெற்றியும் பளபளவென்று எண்ணெய் வழியும்போதே, கன்னத்தில் இழுத்துப் பிடிக்கிறது, எரிகிறது என்று பெண்கள் சொல்கிறார்கள்.

தோல் இயற்கையில் இலேசான அமிலத் தன்மை கொண்டது. சாதாரணக் குளியல் சோப்போ காரத் தன்மை உடையது. நாலு வேளை சோப்புப் போட்டால் அந்தச் சாந்துதான் கரையும். சுரப்பி என்னவோ தன் பாட்டுக்குச் சுரந்து கொண்டுதான் இருக்கும். எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் பற்பசையும் இதைவிட மோசம். தோல் வெந்து, பரு போனாலும் கருந்தழும்பு நிற்கும்.

மருந்தைப் பாதியில் விடாமல் இருக்க

பருவுக்கு டாக்டர்கள் எழுதித் தரும் அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற களிம்புகள் நல்ல மருந்துகள். ஆனால் முதல் சில வாரங்களில் தோல் உரியும், காந்தும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும்.

எங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணுக்குப் பத்தே நாளில் முகம் உரிந்து விட்டது. "மருந்து ஒத்துக்கலை" என்று அம்மா டியூபைத் தூக்கிப் போட்டு விட்டாள். மூன்று மாதம் கழித்துப் பரு முற்றிப் போய் மறுபடியும் டாக்டரிடம் போனார்கள். அவர் அதே மருந்தைத்தான் தந்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில் போடச் சொல்லி, கூடவே ஒரு மாய்ஸ்சரைசரும் எழுதிக் கொடுத்தார். இப்போது பரு அடங்கி விட்டது. ஆனால் இடையில் விட்ட அந்த மூன்று மாதத்தில் கன்னத்தில் விழுந்த இரண்டு குழிகள் அப்படியே இருக்கின்றன. பரு போய்விடும், குழி சுலபத்தில் போகாது.

எதை வாங்குவது?

கெட்டியான கிரீம் வேண்டாம். ஜெல் அல்லது தண்ணீர் போன்ற லோஷனாக, வாசனை சேர்க்காததாகப் பாருங்கள். 'ஆயில் ஃப்ரீ', 'நான் காமெடோஜெனிக்' என்று போட்டிருக்கும். உள்ளே கிளிசரின், ஹைலூரானிக் அமிலம், செராமைடு, நியாசினமைடு இவற்றில் ஏதாவது இருந்தால் நல்லது. விலை கூடியதுதான் உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். கிளிசரின் மலிவான சரக்குதான். புதிதாக வாங்கியதைத் தாடை ஓரத்தில் ஒரு வாரம் தடவிப் பார்த்து, பிறகு முகம் முழுவதும் போடலாம்.

தேங்காய் எண்ணெய் பரு உள்ள முகத்துக்கு ஆகாது. தலைக்கு வைக்கும் எண்ணெயும் நெற்றியில் வழிந்தால் அங்கே பொரிப்பொரியாக வரும். அளவாக வைத்து, இரவில் தலையணை உறையில் படாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

தினசரி முறை

1. காலை, இரவு இரண்டு வேளை, சோப்பில்லாத மென்மையான ஃபேஸ் வாஷால் கழுவவும். வெந்நீர் வேண்டாம். துண்டால் ஒற்றி எடுக்கவும், தேய்க்கக் கூடாது.

2. காலையில் ஈரம் காய்வதற்குள் இரண்டு சுண்டைக்காய் அளவு மாய்ஸ்சரைசர். வெளியே போனால் அதன் மேல் ஜெல் வகை சன்ஸ்கிரீன். வெயில் பட்டால் பரு விட்ட கறுப்பு இன்னும் கறுக்கும்.

3. இரவில் அடாபலீன் போடுகிறவர்கள் முகம் நன்றாகக் காய்ந்தபின் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கப் போட வேண்டும். சற்றுப் பொறுத்து மாய்ஸ்சரைசர். அதிகம் எரிந்தால் மாய்ஸ்சரைசரை முதலில் தடவி, அதன் மேல் மருந்து போடலாம்.

4. பென்சாயில் பெராக்சைடு துணியில் பட்டால் சாயம் போய்விடும். நல்ல புடவை, வண்ண உறைகள் பத்திரம்!

கவனம் தேவை

கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு முயல்கிறவர்களும் அடாபலீன் போடக் கூடாது. ஐசோட்ரெடினாயின் மாத்திரை கருவிலுள்ள குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். அந்தப் பக்கமே போகக் கூடாது. யாரோ சொன்னார்கள் என்று சிவப்பழகுக்காகக் கடையில் வாங்கும் சில கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். முதலில் முகம் பளிச்சென்றாகும். பிறகு தோல் மெலிந்து, பரு கொத்துக் கொத்தாக வரும்.

மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போய், தாடையிலும் மோவாயிலும் பருவும் ரோமமும் வந்தால், அது சினைப்பை நீர்க்கட்டித் தொல்லையாக இருக்கலாம். வெறும் கிரீமில் காலம் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கைக்குழந்தைகளுக்கும் பிறந்த சில வாரங்களில் முகத்தில் சிறு பருக்கள் வருவதுண்டு. பயப்பட வேண்டாம். எண்ணெயோ கிரீமோ தடவாமல் வெறும் தண்ணீரில் துடைத்து வந்தாலே தானாக மறைந்து விடும்.

கடைசியாக ஒன்று. கண்ணாடி முன் நின்று அழுகிற பெண்ணிடம், "சுத்தமா இருந்தா ஏன் வருது?" என்று கேட்டு விடாதீர்கள். பரு அழுக்கினால் வருவதில்லை. அவள் கேட்கிற அந்த மாய்ஸ்சரைசரை வாங்கிக் கொடுங்கள்.